டம்ளர் மேடமும் ஏழுமலையின் ஒரு லிட்டரும்

"மருத்துவமனை வளாகத்திலிருந்து எந்தப் பாத்திரமும் நிர்வாக அலுவலர் கையொப்பமிட்ட கேட் பாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது." எங்கள் ஆஸ்பத்திரியின் பண்டக விதிகளில் உள்ள வாசகம் இது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும். இப்படிப்பட்ட ஒரு விதியைக் கொஞ்சமும் மீறாமல் சந்தி சிரிக்க வைத்த ஆள் இந்தியாவிலேயே ஒருவர்தான் உண்டு. பாத்திரம் புழங்கும் மற்ற நாடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்தான் டம்ளர் மேடம்.

அரசுக் கணக்குத் துறையில் ஒரு ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற பிறகு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையோரமாக இருக்கும் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் நிர்வாக அலுவலராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இப்போது அங்கிருந்தும் ஓய்வு பெற்று விழுப்புரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை ஓய்வு பெற்ற மனிதனுக்கு விதிகள் மறப்பதில்லை. மனிதர்கள்தான் சிலர் மறந்துபோகிறார்கள். இவர் மறக்கவில்லை.

மேடம் திண்டிவனத்துக்காரர். வயது நாற்பதுக்குள். தினமும் பஸ்ஸில் வந்து போவார். படிப்பு, பட்டம் எல்லாம் முறையாக உண்டு. எங்கள் டயட்டீஷியன். ஆஸ்பத்திரியில் அந்தப் பதவியின் மதிப்பு என்னவென்று தெரிய வேண்டுமானால் என் அறைச் சுவரில் மாட்டியிருந்த அமைப்பு வரைபடத்தைப் பார்த்தால் போதும். மேலே டாக்டர்கள், அவர்களுக்குக் கீழே நர்ஸ்கள், கடைசியில் சலவைப் பிரிவுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் மேடம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் கையில் ஓர் அச்சடித்த தாளைக் கொடுப்பது டயட்டீஷியன் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தத் தாளில் "காலை: ஓட்ஸ் ஒரு கப். பதினோரு மணி: ஆப்பிள் பாதி" என்று இருக்கும். மயிலம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், பதினோரு மணிக்கு யார் பாதி ஆப்பிள் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மேடம் வந்த வாரமே கேட்டார். கேட்டதோடு நிற்காமல் அச்சடித்த தாள்களையெல்லாம் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கையால் எழுதத் தொடங்கினார். அச்சடித்த படிவங்களைக் கழித்துக்கட்ட ஒரு நடைமுறை உண்டு, அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும் என்று சொன்னேன். "நான் கழிக்கல சார், திருப்பினேன்" என்றார். திருப்புவதற்கு விதி எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதன்முதலாக என் அறைக்கு வந்தபோது நான் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்திருந்தேன். என்ன சாதம் என்று கேட்டார். சும்மா தயிர் சாதம் என்றேன். "சும்மான்னு ஒரு சாதம் எந்தக் கடையில சார் விக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே அளந்தார். அந்த டம்ளர் எப்போதும் அவரோடு இருக்கும். பெயர் வந்தது அதனால்தான். என் சாதம் இரண்டே கால் டம்ளர் என்று தீர்ப்பாயிற்று. அன்று முதல் என் மனைவி மேடத்தின் கட்சி.

இனி பாத்திர விஷயத்துக்கு வருகிறேன். வளவனூரிலிருந்து சர்க்கரை நோயோடு ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். மேடம் அவருக்கு மதியம் கேப்பைக் களி இரண்டு உருண்டை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மாதாமாதம் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அம்மாள் இரண்டு உருண்டைக்கு மேல் தொட்டதில்லை என்று சாதித்தார். கடைசியில் மேடம் எங்கள் சமையலறையில் களி கிண்டச் செய்து, உங்கள் வீட்டு உருண்டையை உருட்டிக் காட்டுங்கள் என்றார். அம்மாள் உருட்டினார். சமையல்காரர் பார்த்துவிட்டு, இது உருண்டையா, மட்டை உரித்த தேங்காயா என்று கேட்டார். அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. நடவுக்குப் போகிற வீட்டில் எலுமிச்சங்காய் மாதிரியா உருட்டுவார்கள் என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். மேடம் உடனே ஒப்புக்கொண்டார். உருண்டை என்று எழுதினேனே தவிர எவ்வளவு பெரிய உருண்டை என்று எழுதவில்லை, தப்பு என்னுடையது என்றார்.

அன்றிலிருந்து ஒரு புதிய ஏற்பாடு. ஆலோசனைக்கு வருகிறவர்கள் அவரவர் வீட்டில் சோறு போடும் கரண்டி, குழம்பு ஊற்றும் கிண்ணம், தண்ணீர் குடிக்கும் சொம்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். மேடம் மில்லி, கிராம் எல்லாம் சொல்ல மாட்டார். உங்கள் கரண்டியில் இத்தனை, உங்கள் கிண்ணத்தில் இந்தக் கோடு வரை என்று அந்தந்தப் பாத்திரத்தையே தொட்டுக் காட்டுவார்.

விளைவு, திங்கட்கிழமைகளில் எங்கள் வெளிநோயாளி வராந்தா கல்யாணச் சீர்வரிசை இறங்கியது போல் இருக்கும். குண்டான், அன்னக்கூடை, ஈயம் பூசிய பித்தளைச் சொம்பு. ஒருவர் சோறு வடிக்கும் தவலையையே தலையில் சுமந்து வந்தார். அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அதிலிருந்து நேராகச் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் மேடம் விசாரித்தார்.

ஏமாற்ற முயன்றவர்களும் உண்டு. திண்டிவனத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், குழந்தைகள் சொப்பு விளையாடுகிற அளவில் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து, இதில்தான் பத்து வருஷமாகச் சோறு சாப்பிடுகிறேன் என்றார். மேடம் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் விலைச்சீட்டு பளபளவென்று ஒட்டியிருந்தது. "பத்து வருசமா கழுவவே இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

கேட் பாஸ் சிக்கல் வளவனூர் அம்மாளிடம் தொடங்கியது. அவர் களிக் குண்டானும் அதைக் கிண்டும் துடுப்புமாக வந்து காட்டிவிட்டுத் திரும்பும்போது, வாட்ச்மேன் முனுசாமி வாசலில் மறித்துவிட்டார். ஆஸ்பத்திரி கிச்சன் சாமானைத் தூக்கிக்கொண்டு போவதாக அவருக்குச் சந்தேகம். சத்தம் என் அறை வரை கேட்டது.

"ஆஸ்பத்திரி குண்டான நா இன்னாத்துக்குய்யா எடுக்கறேன்? எங்க அம்மா ஊட்டு சீரு இது. பேரு வெட்டிக்கீது பாரு. படிக்கத் தெரியுமா உனுக்கு?"

முனுசாமி குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாளின் தாய்மாமன் பெயர் அதில் வெட்டியிருந்தது. தாய்மாமன் பெயர் எங்கள் சொத்துப் பதிவேட்டில் இல்லை. ஆனால் விதி பாத்திரம் யாருடையது என்று கேட்பதில்லை, எந்தப் பாத்திரமும் என்றுதான் சொல்கிறது. ஆகவே நான் கேட் பாஸ் எழுதினேன். பொருள்: குண்டான் ஒன்று, களித் துடுப்பு ஒன்று. நோக்கம்: அளவு காட்டுதல். திரும்ப வருமா: மாதம் ஒருமுறை. அதன் பிறகு திங்கட்கிழமைகளில் நான் வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை. உள்ளே வரும்போதே பாஸ் வாங்கிக்கொள்ளட்டுமே என்று யோசனை சொன்னவர் மேடம்தான். உள்ளே வருகிற கரண்டிக்குப் படிவம் இல்லை என்றேன். "பரவால்ல சார், பின்பக்கத்துல எழுதிக்கலாம்" என்றார்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஏழுமலை வந்து சேர்ந்தார். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். சொந்தமாக மல்லாட்டை போடுகிற விவசாயி. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். அவர் மனைவி அஞ்சலை தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார், பரிசோதனையில் பொருந்தியும் விட்டது. ஆபரேஷன் வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில். அதற்கு முன் உறுப்பு தானத்தை அங்கீகரிக்கும் அரசுக் குழுவின் அனுமதி வர வேண்டும். கோப்பு அனுப்புவது என் வேலை. அனுமதி வரும்வரை ஏழுமலையின் இதயமும் நுரையீரலும் கெடாமல் இருக்க வேண்டும். கெட்டால் ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டார்கள். டாக்டர் இதைத் தம்பதியை உட்கார வைத்துத் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர் என்றும் சொல்லியிருந்தார்.

ஏழுமலையோ ஒவ்வொரு தடவையும் நான்கு, ஐந்து கிலோ நீர் ஏறி, முகம் வீங்கி, மூச்சு இரைக்க வந்தார். டாக்டர் திட்டினார், நர்ஸ்கள் திட்டினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவர் கண்ணீர் விட்டார். பொய் சொல்கிறார் என்றே எல்லோரும் முடிவு கட்டினோம். மேடம் மட்டும் அவர் சொல்வது நிஜமாக இருந்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். ஒரு வியாழக்கிழமை அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையெழுத்துக்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

"தண்ணி குடிச்சீங்களாண்ணே?"

"மயிலத்து முருகன் மேல சத்தியமா இல்ல மேடம்."

"சரி, காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"கூழு. ஒரு சொம்பு."

"மத்தியானம்?"

"சோறு, ரசம். ரசம் சோறு முங்கற அளவுக்குதான்."

"சாயங்காலம்?"

"யாராச்சும் வந்தா டீ."

"யாரு வந்தா?"

"ஒடம்பு சரியில்லன்னு ஊரே வந்துகினு இருக்குது மேடம். வர்றவங்க டீ குடிக்க சொல்லோ நான் வாயப் பாத்துகினு குந்தினு இருந்தா மரியாதையா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏழுமலை பொய்யே சொல்லவில்லை. அவர் கணக்கில் தண்ணீர் என்பது தண்ணீர்தான். கூழ் ஆகாரம், ரசம் சாப்பாடு, டீ மரியாதை. ஊரே அன்பாக வந்து, ஆளுக்கு ஒரு டம்ளராக, அந்த மனிதரை மூழ்கடித்துக்கொண்டிருந்தது.

மேடம் அந்த வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றார். டயட்டீஷியன் பணி நேரத்தில் நோயாளி வீட்டுக்குப் போக விதியில் இடமில்லை என்று விளக்கினேன். அப்படியானால் லீவு போடுகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "மயிலம் பக்கத்தில் ஒரு வீட்டில் டீ குடிக்க" என்று இருந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே தாத்தாவை மூன்று முறை புதைத்தவர்கள் உண்டு. உண்மையான காரணம் எழுதிய விண்ணப்பம் அது ஒன்றுதான். அனுமதித்தேன். அஞ்சலை ஏழுமலையின் மனைவிதான் என்று நிரூபிக்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்க வேண்டியிருந்ததால், அதே நாளில் நானும் அதே பஸ்ஸில் போனேன். முறையான அயல்பணி ஆணையோடு.

வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏழுமலை நடுவில் உட்கார்ந்திருக்க, ஜனம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் அரைப் படி துக்கமும் கால் படி ஊர்வம்பும் இறக்கினார்கள். அஞ்சலை டீ போட்டுக்கொண்டே இருந்தார். மேடம் ஒவ்வொரு சுற்றிலும் ஏழுமலைக்கு வந்த டம்ளரை வாங்கித் தானே குடித்தார். பொழுது சாய்வதற்குள் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. எத்தனை டம்ளர் என்று கேட்டதற்கு, இத்தனையும் அவர் குடித்திருந்தால் ராத்திரி ஆம்புலன்ஸ்தான் என்றார்.

வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்லிவிடலாமே என்றேன். யாரும் வராத வீட்டில் அவர் எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு அஞ்சலையிடம் ரகசியமாக ஏதோ சொன்னார். அஞ்சலை உள்ளே போய், பேத்திக்கு மருந்து புகட்டும் பாலாடையைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் டம்ளர், ஏழுமலைக்குப் பாலாடை. எத்தனை பேர் வந்தாலும் கூடவே ஒரு வாய் குடிக்கலாம், மரியாதையும் கெடாது.

ஏழுமலை அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஐம்பது வயது, முறுக்கிய மீசை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிற ஆள். பாலாடையைத் தள்ளி வைத்தார். ஊர் சிரிக்கும் என்றார். அஞ்சலைதான் அடுப்பங்கரை வாசலில் நின்றபடி சொன்னார்:

"நான் கிட்னியே குடுக்கறேன். நீ வெக்கத்தக் குடுக்க மாட்டியா?"

ஏழுமலை பாலாடையை எடுத்து, குழந்தை மாதிரி அண்ணாந்து குடித்தார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஒருவர் சிரிக்கத்தான் வாயெடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, தன் டம்ளரில் பாதியைச் செடிக்கு ஊற்றிவிட்டு, எனக்கும் இவ்வளவு போதும்மா என்றார்.

ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் மேடம் அன்றே நிறுத்தினார். உப்பு குறைந்தால்தான் தாகம் குறையும், தாகத்தோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை என்று அஞ்சலைக்கு விளக்கினார். பங்குனி முடிவதற்குள் ஏழுமலையின் எடை ஏறுவது இரண்டு கிலோவுக்கு இறங்கியது. எப்படி இறங்கியது என்று டாக்டரே வார்டில் வந்து விசாரித்தார்.

நான் என் பங்குக்குக் கோப்பைத் துரத்தினேன். குழுவின் அலுவலகத்திலிருந்து திருமணப் பதிவுச் சான்று கேட்டார்கள். மயிலம் மலையில் நடந்த கல்யாணம், அந்தக் காலத்தில் யார் பதிவு செய்தார்கள் என்று பதில் எழுதி, கல்யாணப் போட்டோவை இணைத்தேன். போட்டோவில் இருப்பது இவர்கள்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். அதையும் அனுப்பினேன். பிறகு பதில் இல்லை. நினைவூட்டு, மறு நினைவூட்டு, தனிக்கவன நினைவூட்டு. தபால் வருகிற நேரத்துக்கு மேடம் தினமும் என் டிபன் பாக்ஸைச் சோதிப்பது போல வந்து நிற்பார். டிபன் பாக்ஸைப் பார்க்கவே மாட்டார்.

கத்திரி வெயிலில் விழுந்தது அடி. ஒரு நாள் ஏழுமலையை நெஞ்சு அடைக்க ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உதடு நீலம். அவசரமாக டயாலிசிஸ் நடந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆபரேஷனை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மேடம் உள்ளே போய் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எவ்ளோண்ணே?"

ஏழுமலை ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "ரெண்டு சொம்பு. பச்சத் தண்ணி. கொல்லையில, பம்புசெட்டுல. தாங்கல மேடம்."

"ரொம்பத் தாகமா இருந்திச்சா?"

அவர் தலையாட்டினார். மேடம் மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு, "சரியா சொல்லிட்டீங்க. அது போதும், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்டில் எல்லோரும் அவரைக் கேட்ட ஒரே கேள்வி ஏன் குடித்தாய் என்பதுதான். தாகமாக இருந்ததா என்று கேட்டவர் இவர் ஒருவர். அதற்காகச் சம்பள ஏணியில் தனியாக எதுவும் கிடையாது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அப்புறம் வெயில் இறங்கும்வரை பகலில் கொல்லைக்குப் போக வேண்டாம் என்று ஏற்பாடு. நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஆடியில் அவர்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். முதல் கூழ் ஏழுமலை வீட்டுப் பரம்பரை. மேடம் மறுபடியும் லீவு எழுதினார். காரணம், "கூழ் ஊற்ற." பகல் முழுதும் ஏழுமலை ஊருக்கெல்லாம் மொண்டு மொண்டு ஊற்றினாராம், கடைசியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு பாலாடை குடித்தாராம். மறுநாள் மேடம் இதை என்னிடம் சொல்லும்போது, முதல் வகுப்பில் பாஸான பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல் இருந்தது.

ஆவணி போனது. புரட்டாசி போனது. நான் நேரிலேயே ஒரு தடவை போய், அந்த அலுவலகத்தின் பெஞ்சில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நேரில் சென்று வலியுறுத்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் உறை வந்தது. மேடம் வழக்கம்போல் கதவருகே நின்றிருந்தார். நீட்டினேன், வாங்கவில்லை. "நீங்களே படிங்க சார்" என்றார். முதல் பத்தி மேற்கோள் காட்டப்பட்ட கடிதங்கள். இரண்டாவது பத்தி சட்டப் பிரிவுகள். அனுமதி மூன்றாவது பத்தியில் இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னிக்கு மெஷின்ல போட சொல்லோ ஒன்றர கிலோதான் சார் ஏறியிருந்தாரு" என்றார். பிறகு, அஞ்சலை அக்காவிடம் யார் சொல்வது என்று கேட்டார். வந்த கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி, கண்காணிப்பாளர் பார்வைக்கு வைத்த பிறகே உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். வராந்தாவில் அவர் ஓடுகிற சத்தம் கேட்டது.

தபாலில் தேதி முத்திரை குத்துவது என் உதவியாளரின் வேலை. அன்று நானே குத்தினேன். முதல் தடவை எண்கள் கலங்கிவிட்டன. பக்கத்திலேயே இன்னொரு தடவை அழுத்திக் குத்தினேன். தீபாவளிக்கு ஐந்து நாள் முந்திய வியாழக்கிழமை.